கிடை ஆடுகளுக்குப் பேட்டரி ஊசி: புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

நூறு ஆட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்குத் தடுப்பூசி நாளின் கைவலி தெரியும். பிடியை அழுத்தி மருந்து செலுத்தும் பழைய தொடர் ஊசியில் முதல் ஐம்பது ஆடு வரை விரல் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு பிடி தளர்ந்துவிடும். முழுதாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே முக்காலில் விட்டுவிடுவோம். ஒரு மில்லி போக வேண்டிய ஆட்டுக்கு முக்கால் மில்லிதான் போயிருக்கும். அந்த ஆட்டின் தோளிலும் மற்றவற்றைப் போலவே, ஊசி போட்டாயிற்று என்பதற்கான சாயக்கோடு இருக்கும். அதைப் பார்த்து நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பேட்டரியில் ஓடும் தொடர் ஊசி வந்திருக்கிறது. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் மானூர், கங்கைகொண்டான் பக்கத்தில் சிலர் வாங்கியிருக்கிறார்கள். நானும் செம்மறி, வெள்ளாடு இரண்டுக்கும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாளிலேயே செய்யும் தவறுகளைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தடுப்பூசி, எப்போது, எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் மருத்துவர். கருவி உங்களுடையதாக இருந்தாலும் முதல் முறை அவரோ, அவருடைய மேற்பார்வையில் இருக்கும் கால்நடை ஆய்வாளரோ பக்கத்தில் நிற்கும்போதுதான் போட்டுப் பழக வேண்டும்.

கருவிக்குள் நடப்பது

பார்ப்பதற்குச் சிறிய துளைபோடும் இயந்திரம் போல இருக்கும். பிடிக்குள் பேட்டரி, அதற்கு மேலே ஒரு சிறு மோட்டார், மோட்டார் தள்ளும் பிஸ்டன், பிஸ்டன் ஓடும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழல். குழலின் முனையில் ஊசி. மருந்துக் குப்பி சிலவற்றில் கருவியின் தலையிலேயே கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் குப்பியை இடுப்பிலோ தோளிலோ தொங்கவிட்டு ஒரு மெல்லிய குழாய் வழியாக இழுத்துக்கொள்ளலாம்.

இதன் உயிர் இரண்டு சிறு வால்வுகளில் இருக்கிறது. ஊர் அடிபம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பிஸ்டன் பின்னால் போகும்போது குப்பிப் பக்கத்து வால்வு திறந்து மருந்து குழலுக்குள் வரும், ஊசிப் பக்கத்து வால்வு மூடியிருக்கும். பிஸ்டன் முன்னால் வரும்போது இது தலைகீழாக மாறும். குழலுக்குள் எவ்வளவு மருந்து வர வேண்டும் என்பதைத் திருகு வளையத்தாலோ சிறு திரையில் எண்ணை மாற்றியோ வைத்துக்கொள்ளலாம். விசையைத் தொட்டால் ஒரு அளவு மருந்து போகும். திரை உள்ள கருவி எத்தனை முறை அழுத்தினோம் என்பதையும் எண்ணிச் சொல்லும்.

அந்த எண்ணிக்கையை நான் ஒரு முறை முழுதாக நம்பிவிட்டேன். கருவி வாங்கிய இரண்டாம் ஆண்டு, ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்.) நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். ஆட்டுக்கு 1 மி.லி. குப்பியில் 100 மி.லி. திரை 60 என்று காட்டியது. பக்கத்தில் நின்ற ஆய்வாளர், "அண்ணாச்சி, அறுபது முடிந்ததா? குப்பியில் ஏன் இவ்வளவு மீதி இருக்கிறது?" என்றார். குப்பியைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தேன். நாற்பதுக்கும் குறைவாக நிற்க வேண்டிய மருந்து, பாதிக் கோட்டுக்கு மேலே நின்றது. அறுபது ஆட்டில் எதற்கு முழு அளவு போயிற்று, எதற்குக் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மருத்துவரைக் கேட்டு அத்தனை ஆட்டுக்கும் மறுபடியும் போட்டோம்.

காரணம் மிகச் சிறியது. குப்பிக்குள் இருந்து மருந்து வெளியேறும்போது அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். குப்பியில் குத்தும் முள்ளில் அதற்கென்று மயிரிழைத் துளை ஒன்று இருக்கிறது. முந்தைய ஆண்டு சரியாகக் கழுவாததால் மருந்து உலர்ந்து அந்தத் துளை அடைத்துவிட்டது. காற்று போகாத குப்பி மருந்தை விடவில்லை. மோட்டார் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. பிஸ்டன் ஓடினால் ஒரு எண்ணைக் கூட்டிக்கொள்ளும் கருவிக்கு, பிஸ்டனுக்கு முன்னால் இருப்பது மருந்தா, வெற்றிடமா என்று தெரியாது. பேட்டரி ஊசியைக் கையில் எடுப்பவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுதான்.

வாங்கும்போது

உங்கள் கையில் அது எவ்வளவு கனக்கிறது என்று பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். குழல், பிஸ்டன், வால்வு ஆகியவற்றைக் கழற்றிக் கொதிநீரில் போட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள். ரப்பர் வளையங்களும் வால்வுகளும் தனியாகக் கிடைக்குமா, விசைக்குப் பூட்டு இருக்கிறதா, இரண்டாவது பேட்டரி தருவார்களா, இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஐம்பது ஆட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவி தேவையில்லை என்பது என் கருத்து. சாதாரண ஊசிக்குழலே போதும். இரண்டு மூன்று பட்டிக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் பணம் மிச்சம்தான். ஆனால் ஒரு பட்டியில் இருந்து அடுத்த பட்டிக்குப் போவதற்கு முன்பு கருவியைக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

எப்போது

நம் பக்கத்தில் இரண்டு காலம் முக்கியம்.

ஒன்று, பிசான நெல் அறுவடைக்கு முன்பு. தாமிரபரணி வயல்களில் அறுப்பு முடிந்ததும் கிடை போட, அதாவது எருவுக்காக இரவில் வயலில் ஆடுகளை அடைத்துவைக்க, நாலா பக்கமும் இருந்து மந்தைகள் இறங்கும். வேம்பூர்ப் பொட்டு ஆடும் கீழக்கரிசல் ஆடும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும். ஆட்டுக்கொல்லி பரவ இதைவிடத் தோதான இடம் இல்லை. மூச்சாலும் சளியாலும் கழிச்சலாலும் பரவுகிற நோய் அது. ஆகவே தை மாதத்திலேயே ஊசியை முடித்துவிட்டுக் கிடைக்குப் போவது நல்லது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும்.

இந்த நோய்க்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவானது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே கிடைத்த கிருமியில் இருந்தே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. அதன் பெயரிலும் அரசூர் இருக்கிறது. 2030க்குள் இந்த நோயை உலகத்தில் இருந்தே ஒழிக்க வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. மாட்டு வெக்கைநோய் அப்படித்தான் ஒழிந்தது, 2011இல் அதை அறிவித்தார்கள். நம் பட்டியில் போகும் ஒவ்வொரு முழு அளவு ஊசிக்கும் அந்த வேலையில் பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று, ஐப்பசி மழைக்கு முன்பு. மழை விழுந்து கரிசலில் இளம்புல் தழைத்ததும் ஆடு வயிறு புடைக்க மேயும். அப்போதுதான் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும். மாலையில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி காலையில் விறைத்துக் கிடக்கும். ஆவணியில் ஊசி போட்டுவிட்டால் புல் தழைக்கும்போது ஆடு தயாராக இருக்கும். முதன்முறையாகப் போடும் குட்டிகளுக்கு இரண்டாவது ஊசியும் வேண்டும், அதன் நாளை மருத்துவர் சொல்வார்.

சந்தையில் வாங்கிவந்த ஆட்டை வந்த அன்றே மந்தையோடு சேர்த்து ஊசி போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். மேலப்பாளையம் சந்தையில் வாங்கினாலும் சொந்தக்காரர் வீட்டில் வாங்கினாலும் மூன்று வாரம் தனியாகக் கட்டி வையுங்கள். காய்ச்சல், கழிச்சல் உள்ள ஆட்டுக்குத் தடுப்பூசி கூடாது. சினை ஆடுகளை மருத்துவரிடம் தனியாகக் காட்டிக் கேளுங்கள். ஆட்டுக்கொல்லி ஊசியை 3, 4 மாதம் நிரம்பாத குட்டிக்குப் போட்டால் பலன் குறைவு. தாயிடம் இருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே மருந்தை முறித்துவிடும்.

முதல் நாள் இரவு

பேட்டரிகள் இரண்டையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, விடியற்காலை வரை தள்ளிப்போடாதீர்கள்.

குழல், பிஸ்டன், வால்வு, குப்பி முள், குழாய் எல்லாவற்றையும் கழற்றிக் கொதிக்கும் நீரில் 20 நிமிடம் போடுங்கள். மோட்டார் உள்ள கைப்பிடியில் தண்ணீர் படக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். டெட்டால், ஸ்பிரிட், சோப்பு எதுவும் மருந்து ஓடும் பாதையில் வேண்டாம். ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்தது. டெட்டால் வாடையே அந்தக் கிருமியைக் கொன்றுவிடும் என்று எண்ணிக்கொண்டு நடந்தால் தவறு வராது. கொதிக்கவைத்த பாகங்கள் நன்றாக ஆறட்டும். சூட்டோடு மாட்டினாலும் மருந்து செத்துவிடும்.

ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். கருவியோடு வந்த சிலிக்கான் எண்ணெயில் ஒரு சொட்டு தடவி மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ரப்பரை ஊதவைத்துவிடும்.

அன்று காலை

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை இது. ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் எழுந்துவிடலாம். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் இருக்க வேண்டும். மருந்தகத்தில் வாங்கும்போதே பனிக்கட்டிப் பொட்டலம் வைத்த பெட்டியோடு போங்கள். துள்ளுமாரி ஊசி போன்ற, உயிருள்ள கிருமி இல்லாத மருந்துகள் உறைந்தாலும் கெட்டுவிடும். அதனால் குப்பிக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே ஒரு துணி மடிப்பு இருக்கட்டும். பெட்டியை வேப்பமர நிழலில் வையுங்கள். நிழல் நகர்ந்தால் பெட்டியும் நகர வேண்டும்.

ஆட்டுக்கொல்லி மருந்து குப்பிக்குள் உலர்ந்த வில்லை போல இருக்கும். கூடவே தரும் திரவத்தில் கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நூற்று நாற்பது ஆடு இருந்தால் இரண்டு குப்பியையும் ஒன்றாகக் கரைத்துவிடாதீர்கள். முதல் குப்பி தீர்ந்த பிறகே அடுத்தது. நூறு அளவு என்று எழுதியிருக்கும் குப்பியில் நூறு ஆட்டுக்குப் போட முடியாது என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளுங்கள். குழாயில் நிற்பதும் காற்றை வெளியேற்ற எடுப்பதும் போக, தொண்ணூற்றைந்து ஆட்டுக்குக் கணக்கு வைத்தால் கடைசியில் திண்டாட்டம் இல்லை.

இனி அளவுச் சோதனை. இதைச் செய்யாமல் ஒரு ஆட்டையும் தொடாதீர்கள்.

மருந்துக்கடையில் 20 மி.லி. ஊசிக்குழல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன் தண்டை உருவிவிட்டு முனையை மூடியால் அடைத்து நிமிர்த்திப் பிடியுங்கள். கருவியில் சலைன் குப்பி ஒன்றை மாட்டுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள குளோரின் பின்னால் வரும் மருந்தைக் கெடுக்கும். ஊசி முனையை மேலே பார்க்கப் பிடித்து, குமிழி இல்லாமல் சீராகத் திரவம் வரும்வரை விசையை அழுத்துங்கள். பிறகு அளவை 1 மி.லி. என்று வைத்து, அந்த ஊசிக்குழலுக்குள் பத்து முறை அழுத்துங்கள். 10 மி.லி. கோட்டில் திரவம் நிற்க வேண்டும். ஒன்பதில் நின்றால் எங்கோ காற்று புகுகிறது: குழாய் இணைப்பு, ரப்பர் வளையம், குப்பி முள், இந்த வரிசையில் பாருங்கள். சரிசெய்து மறுபடியும் பத்து. இரண்டு முறை தொடர்ந்து பத்துக்குப் பத்து வந்த பிறகே மருந்துக் குப்பியை மாட்டுங்கள். மாட்டிய பிறகு குழாயில் நிற்கும் சலைன் முழுதும் வெளியேறும்வரை அழுத்திவிட வேண்டும். இல்லையென்றால் முதல் சில ஆடுகளுக்கு உப்புநீர்தான் போகும்.

ஆட்டின் மேல்

மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஆட்டை நெருக்கிப் பிடிப்பார், ஒருவர் ஊசி போடுவார், ஒருவர் சாயம் தடவி நோட்டில் குறிப்பார். ஆட்டை வலையில் இருந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பிடிக்காதீர்கள். ஐந்தாறாக ஒரு மூலையில் நெருக்கிவிட்டால் அவை தாமாகவே அசையாமல் நிற்கும்.

ஊசியின் தடிமன் 18 கேஜ், நீளம் அரை அங்குலம் போதும். எண் கூடக் கூட ஊசி மெலிதாகும், பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். ஆட்டுக்கு ஒரு புது ஊசி என்பதே சிறந்த முறை. அது முடியாத பெரிய மந்தையில் பத்து ஆட்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். வளைந்தாலோ தரையில் பட்டாலோ அந்த நொடியே மாற்றுங்கள். ஆட்டில் குத்திய ஊசியைக் குப்பிக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

தோலுக்கு அடியில் போடும் மருந்துக்கு முன்னங்காலுக்குப் பின்னால், முழங்கை மடிப்பை ஒட்டிய இடம் எனக்குத் தோதாக இருக்கிறது. அங்கே ரோமம் குறைவு, தோல் இளக்கம். இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலைப் பிடித்து இழுத்தால் சிறு கூடாரம் போல எழும்பும். அந்தக் கூடாரத்தின் அடிப்பக்கத்தில், உடம்புக்கு இணையாக ஊசியைச் செலுத்த வேண்டும். உள்ளே போன ஊசிமுனை தடையில்லாமல் அங்கும் இங்கும் அசைந்தால் சரியான இடத்தில் இருக்கிறது. அப்போது விசையைத் தொடுங்கள். மோட்டார் நின்ற பிறகு ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணிவிட்டு உருவுங்கள். உடனே உருவினால் மருந்தின் கடைசிச் சொட்டு ரோமத்தில் விழும்.

கையால் அழுத்தும் ஊசியில் ஒரு வசதி இருந்தது. முனை தோலுக்குள்ளேயே சிக்கியிருந்தால் அழுத்தம் விரலில் முட்டும், மறுபக்கம் வெளியே வந்திருந்தால் சட்டென்று இளகும். மோட்டார் இரண்டையும் ஒரே மாதிரி தள்ளிவிடும். அதனால் உருவியவுடன் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவுங்கள். தோலுக்கு அடியில் சிறு நெல்லிக்காய் போல மருந்து உருள வேண்டும். விரல் ஈரமானால் மருந்து வெளியே போய்விட்டது, இன்னொரு முறை போடுங்கள். இந்தக் காரணத்துக்காகவே, சாதாரண ஊசிக்குழலில் நாலைந்து ஆட்டுக்காவது போட்டுப் பழகிய பிறகு பேட்டரி ஊசிக்கு வரச் சொல்வேன்.

சாயத்தின் நிறமும் முக்கியம். வேம்பூர்ப் பொட்டு ஆட்டின் வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருக்கும், அதில் சிவப்புச் சாயம் தடவினால் பத்தடி தூரத்தில் கண் ஏமாறும். அதற்கு நீலம். கறுத்த கன்னி ஆட்டுக்கு மஞ்சள்.

இருபது ஆட்டுக்கு ஒரு முறை நிறுத்துங்கள். திரையின் எண், நோட்டின் எண், குப்பியில் இறங்கிய கோடு, மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துவந்தால் மேலே போங்கள். ஒத்துவராவிட்டால் சந்தேகம் அந்த இருபது ஆட்டோடு நிற்கும். நான் பட்டதுபோல அறுபதைத் திரும்பப் பிடிக்க வேண்டியிருக்காது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

ஒரு ஆட்டில் இருந்து அடுத்த ஆட்டுக்கு நகரும்போது விசையைப் பூட்டுங்கள். மோட்டார் ஊசிக்கு விரல் பட்டாலே போதும், தோலைப் பிடித்திருக்கும் உங்கள் இடது கையில் இறங்கிவிடும். எண்ணெய் கலந்த மருந்து விரலில் ஏறினால் காயம் சிறியதாகத் தெரியும், உள்ளே வீங்கி இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். மருந்தின் அட்டைப்பெட்டியோடு உடனே பொது மருத்துவமனைக்குப் போக வேண்டும். கன்றுகளுக்குப் போடும் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியை இந்தக் கருவியில் ஏற்றவே கூடாது. அது மனிதனுக்கும் நோயைத் தரக்கூடிய உயிருள்ள கிருமி, மருத்துவர் கையோடு நிற்கட்டும்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் மந்தையை மேய்ச்சலுக்கு விடாதீர்கள். அபூர்வமாக ஒரு ஆடு நடுங்கி, மூச்சுத் திணறி விழும். முறிமருந்து மருத்துவரிடம் இருக்கும், அதனால்தான் அவர் பக்கத்தில் வேண்டும் என்கிறேன். அவர் கிளம்பிப் போன பிறகு ஏதாவது நடந்தால் 1962 என்ற கால்நடை அவசர எண் இருக்கிறது.

வேலை முடிந்ததும்

கரைத்து மிஞ்சிய மருந்தை அடுத்த நாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது. குப்பியோடு கொதிக்கவைத்து ஆழமாகப் புதையுங்கள். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். வயல் வரப்பில் வீசிய ஊசி, நடவுக்கு இறங்கும் பெண்களின் காலில்தான் ஏறும்.

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கருவியை அன்றே கழுவுங்கள். முதலில் ஆறிய கொதிநீரை முப்பது நாற்பது முறை ஓடவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றிக் கொதிக்கவைத்து, துணியில் கவிழ்த்து நிழலில் உலர்த்துங்கள். பேட்டரியைப் பாதிச் சார்ஜில் கழற்றித் தனியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் ஏற்றினால் போதும். வண்டியின் பெட்டிக்குள் மட்டும் போட்டுவைக்காதீர்கள், சித்திரை வெயிலில் அது அடுப்பு.

கடைசியாகக் குப்பி முள்ளை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். காற்றுத் துளைக்குள் மெல்லிய கம்பியை ஒரு முறை விட்டெடுங்கள். வாயால் ஊதாமல், காலி ஊசிக்குழலால் அதன் வழியே காற்றைத் தள்ளி, மறுமுனையில் உள்ளங்கையை வையுங்கள். காற்று படுகிறதா என்று பார்த்த பிறகு பெட்டியை மூடுங்கள்.